ஆரிச் சட்டத்துக்கு எந்த விளக்கு? மதுரை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் வசிக்கும் 52 வயதுப் பெண்மணி ஒருவர் ஆறு ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக ஆரி வேலை (மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி முனை ஊசியால் செய்யும் பூத்தையல்) செய்துவருகிறார். வெளி ஆர்டர் எடுப்பதில்லை. மகள், மருமகள், தங்கை வீட்டுப் பிள்ளைகள் என்று குடும்பத்துக்குள்ளேயே ரவிக்கைகள். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவைத்த பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல்தான் சட்டத்தின் முன் உட்கார முடியும். விளக்கைப் பற்றிய எல்லா முடிவுகளுக்கும் இந்த நேரமே அடிப்படை. பகலில் தைப்பவராக இருந்தால் இதில் பாதிக்கு மேல் தேவைப்பட்டிருக்காது.

அறை 11 அடிக்கு 10 அடி, உட்கூரை உயரம் 10 அடி. நடுவில் 48 அங்குலச் சீலிங் ஃபேன். கிழக்குச் சுவரை ஒட்டி 4 அடிக்கு 2½ அடி மரச்சட்டம், ஸ்டாண்டில் 30 அங்குல உயரத்தில் இருந்தது. அவர் கிழக்கு நோக்கி நாற்காலியில் உட்காருவார். இடப்பக்கம் வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல். முதுகுக்குப் பின்னால் மேற்குச் சுவரில், எட்டரை அடி உயரத்தில், 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட். அட்டையில் 6500 கெல்வின் (ஒளியின் நிறம்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலவெள்ளை), 2000 லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளி) என்று போட்டிருந்தது. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதை நூற்றுக்குச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் அச்சிடப்படவில்லை. அது இல்லாத விளக்கை 80 அல்லது அதற்குக் கீழ் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

பிரச்சினை வெளிப்பட்டது ஓர் அரக்கு நிற ரவிக்கையில். பாதி வேலையில் பட்டு நூல் தீர்ந்துபோக, வேறொரு கடையில் இன்னொரு கண்டு வாங்கி, இரவில் டியூப் லைட்டின் கீழ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசமே தெரியவில்லை. தைத்து முடித்து மகள் அதை அணிந்துகொண்டு கோயில் பிராகாரத்தில் வெயிலில் நின்றபோதுதான் சொன்னாள்: “அம்மா, கை ஒரு கலராத் தெரியுது, முதுகு ஒரு கலரா இருக்கு.” முதுகுப் புட்டாக்கள் செங்கல் பக்கம் சாய்ந்திருந்தன, கைகளில் இருந்தவை இளஞ்சிவப்புப் பக்கம்.

அதற்கும் முன்பே வேறு புகார்கள் இருந்தன. நாற்பது நிமிடம் தைத்தால் கண் எரிச்சல், நெற்றி வலி. கருநீலத் துணியில் சங்கிலித் தையலின் கண்ணிகள் தெரியாமல் ஊசி தப்பிப்போவது. இதற்கெல்லாம் வயதுதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

முதல் முயற்சி: வெளிச்சத்தைக் கூட்டியது

எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். எலக்ட்ரீஷியனை அழைத்து, உட்கூரையில் ஃபேன் கம்பியிலிருந்து ஒன்றரை அடி மேற்கே 36 வாட் சதுரப் பேனல் விளக்கு ஒன்றைப் பொருத்தினார். அதுவும் 6500 கெல்வின். அறை பளிச்சென்று ஆனது. சட்டத்தின் மேலிருந்த தொல்லை மட்டும் கூடியது.

காரணம் ஃபேன். விளக்கு இறக்கைகளுக்கு மேலே இருக்கிறது, துணி கீழே. விளக்கிலிருந்து சட்டத்துக்கு வரும் ஒளியின் பாதையை ஒவ்வொரு இறக்கையும் வெட்டிக்கொண்டு போகிறது. நிமிடத்துக்கு சுமார் 350 சுற்று, மூன்று இறக்கை என்றால் நொடிக்குப் பதினேழு பதினெட்டு முறை நிழல் ஓடும். அந்த வேகத்துத் துடிப்பு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், மிகவும் தொல்லை தரும். ஃபேனை நிறுத்தவும் முடியாது. மதுரை வெயில் காலத்தில் கை வியர்த்தால் பட்டில் கறை படியும்.

அடுத்து வாங்கியது வட்ட விளக்கு பொருத்திய கிளாம்ப் பூதக்கண்ணாடி, 5 டையாப்டர் (வில்லையின் திறன் அளவு). கைவினைக் கடைகளில் முதலில் காட்டப்படும் பொருள் இதுதான். ஆரிக்கு இது ஒத்துவராததற்குக் கணக்கே காரணம்: 5 டையாப்டர் வில்லையின் குவியத்தூரம் 20 செ.மீ. அந்தத் தூரத்துக்குள் துணி இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். ஆரி ஊசியின் கைப்பிடியும் மேலெழும் கையும் சேர்ந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடுகின்றன. கைப்பிடி வில்லையில் இடித்தது. கட் பீட்ஸ் என்னும் பளபளக்கும் சிறு மணி ஒவ்வொன்றிலும் வட்ட விளக்கின் பிம்பம் குட்டி வளையமாக மின்னியது. நான்கு நாளில் அது மூலைக்குப் போய்விட்டது. ஜன்னலோரம் மூடாமல் கிடந்த அந்த வில்லையை முதலில் உறை போட்டு எடுத்துவைக்க வேண்டியிருந்தது. வெயில் பட்டால் பூதக்கண்ணாடி துணியைப் பொசுக்கும், தீயும் பிடிக்கலாம்.

பார்த்ததும் அளந்ததும்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் அளப்பதற்கு ஒதுக்கப்பட்டது. கருவிகள்: ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் சாதாரண டிஜிட்டல் லக்ஸ் மீட்டர், ஒரு கைபேசி, ஒரு பேனா, பொட்டு வைக்கும் அளவுக் கண்ணாடி, ஒரு பெட்டி நிறையப் பட்டு நூல் கண்டுகள். லக்ஸ் மீட்டர் இல்லாதவர்கள் கைபேசிச் செயலியைப் பயன்படுத்தலாம். ஆனால் அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. ‘இங்கே அங்கேயைவிட இரண்டு மடங்கு’ என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் உதவும். உணரி பெரும்பாலும் திரைக்கு மேலே, காதில் வைக்கும் பக்கம் இருக்கும். அதைக் கை மறைக்காமல் துணிமேல் படுக்கவைக்க வேண்டும்.

அளவு. டியூப் லைட் மட்டும் எரியும்போது சட்டத்தின் நடுவில் 110 லக்ஸ். அவர் வழக்கம்போல் குனிந்து உட்கார்ந்ததும் அதே இடத்தில் 60. தலையும் தோளும் விழுங்கியது மீதி. ஆள் இல்லாத நாற்காலியை வைத்து அளந்து ‘போதுமே’ என்று முடிவு செய்வது மிகப் பொதுவான தவறு. அளவு எப்போதும் ஆள் வேலை செய்யும் நிலையில், ஊசி இறங்கும் இடத்தில் எடுக்கப்பட வேண்டும். கூரைப் பேனலையும் போட்டபோது ஆள் இல்லாமல் 290, ஆளுடன் 210. இறக்கை நிழல் ஓடியதால் மீட்டரின் எண் நிற்கவே இல்லை. ஃபேனை நிறுத்திப் படித்த அளவு இது.

ஒப்பிட்டுப் பார்க்க, பணியிட விளக்குகளுக்கான ஐரோப்பியத் தரக்குறிப்பு இ.என். 12464-1 தையல், நுண் பின்னல் வேலைக்கு 750 லக்ஸும், துணியின் நிறச் சோதனைக்கு 1000 லக்ஸும், கிழிசலை வெளியே தெரியாமல் இழையோட்டிச் சரிசெய்வதற்கு 1500 லக்ஸும் கேட்கிறது. பின்னிரண்டுக்கும் சி.ஆர்.ஐ. 90 இருக்க வேண்டும். இவை வேலை செய்யும் வயதினருக்கான பொதுக் கணக்கு. கண்ணின் வில்லை வயதாக ஆக மஞ்சளேறுகிறது, பாவை சிறுக்கிறது. அறுபது வயதில் விழித்திரைக்கு வந்துசேரும் ஒளி, இருபது வயதில் வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 52 வயதுக்கு 60 லக்ஸ் எந்தக் கணக்கிலும் அடங்காது.

துணியின் நிறமும் கணக்கில் வரும். சந்தன நிறப் பட்டு தன்மேல் விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். கருநீல வெல்வெட் நூற்றில் ஐந்தாறு பங்குகூடத் தராது. ஆகவே ஒரே விளக்கின் கீழ் சந்தனத்தில் சுகமாகத் தைப்பவர் கருநீலத்தில் தடுமாறுவது இயல்பு. அவருடைய கருநீலப் புகாரில் பெரும்பகுதி இதுதான்.

திசை. டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் தலையின் நிழல் நேராக ஊசிமுனையில் விழுந்தது. ஆரியில் வலக்கை மேலே ஊசியோடு, இடக்கை சட்டத்துக்கு அடியில் நூலோடு. எனவே மேலிருந்து நிழல் தருவது தலையும் வலக்கையும்தான். இடக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

துடிப்பு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சுற்றில் சரியான வடிகட்டி இல்லாவிட்டால், மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மங்கி எரியும். நேராகப் பார்த்தால் தெரியாது. கைபேசிக் கேமராவை விளக்கின் அருகே பிடித்தபோது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. விளக்கின் கீழ் பேனாவை விசிறிபோல் வேகமாக ஆட்டியபோது மழமழப்பான மங்கல் தெரிவதற்குப் பதில் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தது. இரண்டு சோதனையிலும் டியூப் லைட் தோற்றது, கூரைப் பேனல் தேறியது. ஊசி விறுவிறுவென்று ஏறி இறங்கும் வேலையில் இது சின்ன விஷயமில்லை.

நிறம். இரண்டு அரக்கு கண்டுகளும் டியூப் லைட்டின் கீழ் ஒன்றாகவும், காலை பத்து மணிக்கு ஜன்னலருகே வேறாகவும் தெரிந்தன. சாயக் கலவை வேறாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட ஒளியில் மட்டும் இரண்டு நிறம் ஒன்றாகத் தெரிவது சாயத் தொழிலில் பழைய தலைவலி. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளிச் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. மலிவான வகையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. சிவப்பே இல்லாத ஒளியில் இரண்டு சிவப்புகளை எப்படிப் பிரித்தறிவது? சி.ஆர்.ஐ. எண்ணும் இதை முழுதாகக் காட்டிக்கொடுக்காது. அது எட்டு மென்னிறங்களின் சராசரி. ஆழ்சிவப்புக்கான ஆர்9 அந்த எட்டில் சேராது. 80 சி.ஆர்.ஐ. விளக்கில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கும். அரக்கு, குங்குமச் சிவப்பு, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு என்று நம் பட்டு நிறங்களில் பெரும்பகுதி சிவப்பை நம்பியிருப்பதால், விளக்கு வாங்கும்போது ஆர்9 எண்ணைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒன்று, கூரைப் பேனலை வேலை நேரத்தில் போடுவதில்லை. வேலை விளக்கு ஃபேன் இறக்கைகளுக்குக் கீழே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். தூரம் பாதியானால் சிறிய விளக்கின் வெளிச்சம் நான்கு மடங்காகும். இரண்டரை மீட்டர் தள்ளி 36 வாட் எரிப்பதைவிட அரை மீட்டரில் 10 வாட் மேல்.

இரண்டு, துடித்த டியூப் லைட்டை எடுத்துவிட்டு, கைபேசிச் சோதனையில் தேறிய 4000 கெல்வின் டியூப் லைட் ஒன்று. அறையின் பொது வெளிச்சத்துக்காக இது எரிந்துகொண்டே இருக்கும். வேலை விளக்கை மட்டும் போட்டுவிட்டு அறையை இருட்டாக்குவது கண்ணைக் களைக்கச் செய்யும். வேலைப் பரப்பின் பிரகாசம் பத்து என்றால் அதை அடுத்த பரப்பு மூன்றாவது, தூரச் சுவர் ஒன்றாவது இருப்பது நல்ல விகிதம்.

மூன்று, வேலை விளக்கைக் கடையில் முடித்த பொருளாக வாங்காமல் எல்.இ.டி. ஸ்டிரிப்பில் (எல்.இ.டி.கள் வரிசையாகப் பதித்த நாடா) செய்துகொள்வது. நீளமான விளக்கின் நிழல் மென்மையாக விழும். ஒற்றை பல்பு கைக்குக் கீழே கத்தி வெட்டியதுபோல் நிழல் போடும். சி.ஆர்.ஐ. 95, ஆர்9 எண் 80க்கு மேல் என்று அட்டவணையோடு விற்கப்படும் ஸ்டிரிப்புகள் இப்போது கிடைக்கின்றன. அந்த அளவில் மேசை விளக்கு தேடினால் விலை எங்கோ போகிறது.

வாங்கியவை:

12 வோல்ட் ஸ்டிரிப், மீட்டருக்கு 120 எல்.இ.டி., மீட்டருக்கு 14.4 வாட், 4000 கெல்வின்: 5 மீட்டர் ரோல் ஒன்று. இரண்டு விளக்குக்கும் ஒரே ரோல். வேறு வேறு தயாரிப்பின் 4000 கெல்வின்கள் ஒன்று பச்சையும் ஒன்று ரோஜாவுமாகத் தெரியும்.

பால்வெள்ளை மூடியுள்ள அகலமான அலுமினியச் சட்டம், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு. ஸ்டிரிப் சூடாகும். அலுமினியம் இல்லாமல் மரத்தில் ஒட்டினால் சீக்கிரமே நிறம் மாறி மங்கும்.

சுவர்ப் பிளக்கில் செருகும் 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர், பி.ஐ.எஸ். (இந்தியத் தரநிர்ணய அமைப்பு) முத்திரையுடன். அதே 12 வோல்ட்டைத் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் ஓட்டைபோட்ட தகரப் பெட்டி மலிவுதான். ஆனால் அதில் 230 வோல்ட் திருகுகள் திறந்தே இருக்கும். துணியும் நூலும் தொங்கும் இடத்தில் வேண்டாம் என்று முடிவானது.

மேசையில் கவ்வும் மடக்குக் கை இரண்டு, ஒவ்வொரு விளக்குக்கும் தனிச் சுவிட்ச்.

இடப்பக்க விளக்கில் ஸ்டிரிப் இரண்டு வரிசை, வலப்பக்கத்தில் ஒரு வரிசை. மொத்தம் 1.8 மீட்டர், 26 வாட், 2.2 ஆம்பியர். 3 ஆம்பியர் அடாப்டருக்கு நான்கில் மூன்று பங்குச் சுமைக்குள் அடங்கும். முழுச் சுமையில் ஓடும் அடாப்டர் சூடேறி ஆயுள் குறையும். இந்த ஸ்டிரிப்பில் வெட்டுக்குறி 2.5 செ.மீ.க்கு ஒன்று வந்தது, அதனால் 60 செ.மீ. சரியாக 24 துண்டில் முடிந்தது. குறி தவறி வெட்டினால் அந்த மூன்று எல்.இ.டி. எரியாது.

வலக்கைக்காரருக்கு முதன்மை விளக்கு இடப்பக்கம் இருந்தால் கையின் நிழல் வலப்புறம் விழும், ஊசிமுனை வெளிச்சத்தில் நிற்கும். வலப்பக்க விளக்கு பலவீனமாக இருப்பதும் வேண்டுமென்றே. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நிழலே இல்லாமல் தையல் தட்டையாகத் தெரியும். கண்ணி மேலெழும்பி நிற்கிறதா, நூல் இறுக்கமா தளர்வா என்பதை அந்த மெல்லிய நிழல்தான் காட்டிக்கொடுக்கிறது.

பொருத்தியபின் சறுக்கிய இரண்டு இடங்கள்

முதல் சறுக்கல் இடம் பற்றியது. சுவர் முன்னால் காலியாக இருந்ததால், இடப்பக்க விளக்கு முதலில் அவருக்கு நேர் எதிரே, சட்டத்தின் மறுபக்கம் சுவரில் துளை போட்டுப் பொருத்தப்பட்டது. லக்ஸ் மீட்டரில் அருமையான எண். உட்கார்ந்து தைத்தபோது ஜரி நூலும் சமிக்கியும் குந்தன் கற்களும் கண்ணைக் குத்தின. முன்னாலும் மேலுமிருந்து வரும் ஒளி பளபளப்பான பரப்பில் பட்டுத் தெறித்து நேராகக் குனிந்த முகத்துக்கு வரும்.

அப்போதுதான் அந்தப் பொட்டுக் கண்ணாடி வெளியே வந்தது. துணிமேல் ஊசி இறங்கும் இடத்தில் அதைப் படுக்கவைத்து, வழக்கமான நிலையில் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் விளக்கு தெரிந்தால் அந்த விளக்கு இருக்கும் இடம் தவறு. தெரியாத இடம்வரை நகர்த்த வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைத் துளை போடும் முன் செய்யாதது பிழை, சுவரில் இரண்டு ஓட்டை மிச்சம். விளக்குகள் கடைசியில் வேலை இடத்துக்கு இடமும் வலமும், 45 செ.மீ. விலகி, 45 செ.மீ. உயரத்தில், உள்நோக்கிச் சாய்ந்து நின்றன. கண்ணாடியில் இரண்டும் தெரியவில்லை.

இரண்டாவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கச் சேர்த்த குமிழ் டிம்மர். விலை குறைந்த டிம்மர் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை, விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது. முழு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. பாதிக்குக் குறைத்ததும் ஓடும் ஊசி மூன்று நான்கு ஊசிகளாகத் தெரிந்தது. டியூப் லைட்டில் எடுத்த அதே நோயைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியதுபோல் ஆயிற்று. டிம்மர் கழற்றப்பட்டது. இரண்டு சுவிட்சுகளே போதுமானவையாக இருந்தன: வெளிர் துணிக்கு இடது மட்டும், அடர் துணிக்கு இரண்டும்.

விளைவு

ஆள் உட்கார்ந்த நிலையில் ஊசிமுனையில் கிடைத்தது: இடது விளக்கும் பொது வெளிச்சமும் சேர்ந்து 640 லக்ஸ், இரண்டு விளக்கும் எரிந்தால் 900. கருநீல வெல்வெட்டுக்கு இடது விளக்கை 10 செ.மீ. கீழே இறக்கியபோது 1100 தாண்டியது. வலக்கையின் நிழலுக்குள் அளந்தாலும் 380 இருந்தது. பழைய ஏற்பாட்டில் நிழலுக்கு வெளியே கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

மூன்று மாதத்தில் அவர் ஒரே இருக்கையில் தைக்கும் நேரம் நாற்பது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆனது. பிரித்துத் தைப்பது வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விளக்கு மாறிய அதே வாரத்தில் கண் மருத்துவரிடமும் போனார். நான்கு ஆண்டுகளாக மாற்றாத வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குப் புது எண் எழுதப்பட்டது. அதுவும் புத்தகம் படிக்கும் தூரத்துக்கு அல்ல. சட்டத்துக்கும் கண்ணுக்கும் இடையே டேப்பால் அளந்து கொண்டுபோன 45 செ.மீ.க்கு. நிம்மதியில் எவ்வளவு விளக்கால், எவ்வளவு கண்ணாடியால் என்று பிரிக்க வழியில்லை. நல்ல வெளிச்சத்தில் பாவை சுருங்குவதால் தெளிவின் ஆழமும் கூடும். ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்திருக்கும்.

நிறச் சோதனையில் அந்த இரண்டு அரக்கு கண்டுகளும் புது விளக்கின் கீழ் தெளிவாக வேறாகத் தெரிந்தன. ஜன்னல் வெளிச்சம் அளவுக்கு இல்லாவிட்டாலும், இரவில் தவறாக எடுக்க முடியாத அளவுக்கு. ராமர் பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் கண்டுகளும் பகலில் தெரிந்ததுபோலவே தெரிந்தன.

ஒன்று மட்டும் தேறவில்லை. வெள்ளை நூல்கள். பால்வெள்ளை, ஆஃப்வொயிட் என்று நான்கு கண்டுகளில் இரண்டு புது விளக்கின் கீழ் ஒன்றாகவே தெரிந்தன. வெயிலில் ஒன்று நீலம் தட்டிப் பளீரென்று எரிந்தது. அந்த நூலில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் ஏற்றப்பட்டிருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். நீலச் சில்லை அடிப்படையாகக் கொண்ட எல்.இ.டி.யில் புற ஊதா கிடையாது. எனவே சி.ஆர்.ஐ. 95 என்ன, 98 வாங்கினாலும் இந்த வித்தியாசம் தெரியாது.

இதனால் வேலை முறையே மாறியது. நூல் தேர்வு காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையே, ஜன்னலோரத்தில், நேர் வெயில் படாத இடத்தில். பிறகு அதே நூலையும் துணியையும் ஒரு 3000 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழும் பார்ப்பது. பட்டு ரவிக்கை கடைசியில் போய் நிற்கப்போவது கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கில்தானே. இரண்டு இடத்திலும் ஒத்துப்போனால்தான் தையல். இரவில் தையல் மட்டும், தேர்வு இல்லை.

வடக்கு ஜன்னல் பற்றி ஒரு குறிப்பு

ஓவியர்களுக்கும் தையற்காரர்களுக்கும் எழுதப்பட்ட மேலைநாட்டுக் கையேடுகள் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்று சொல்லும். அவர்கள் ஊரில் சரி. மதுரை கிட்டத்தட்ட 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் வரும். இந்த அறையில் மே, ஜூன் மாதங்களில் காலை ஒன்பதரை மணிவரை சட்டத்தின் ஓரத்தில் வெயில் விழுந்தது. நூலும் மங்கும், பார்க்கும் நிறமும் மஞ்சளாகும். அந்த மாதங்களுக்கு மெல்லிய வெள்ளை மல் துணித் திரை கட்டப்பட்டது. வண்ணத் திரை கூடாது. திரையின் நிறம் நூலின்மேல் ஏறும். சுவரும் அப்படித்தான்: ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்த இளம்பச்சை வண்ணம் அடுத்த வெள்ளையடிப்பில் மாற்றப்பட்டது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கண் பரிசோதனை முதலில். புதுக் கண்ணாடியோடு இரண்டு வாரம் தைத்தபின்தான் விளக்கை அளப்பது. செலவும் குறைந்திருக்கலாம்.

கூரைப் பேனலுக்குப் போன காசு முழுக்க வீண். வேலை இடத்தை அளக்காமல் அறையை அளந்த முடிவு அது.

விளக்கைத் திருகிப் பொருத்தும் முன், நாற்காலி முதுகிலோ புத்தக அடுக்கிலோ இரண்டு நாள் தற்காலிகமாகக் கட்டிவைத்துத் தைத்துப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிச் சோதனையும் பேனா சோதனையும் அப்போதே முடிந்திருக்கும்.

சட்டம் நான்கு அடி. வேலை நடக்கும் இடம் ஒரு நேரத்தில் ஒன்றரை அடிக்கு மேல் இல்லை. ரவிக்கைக் கைகளின் முனையிலிருந்து முனைவரை தைக்கும்போது விளக்குகளையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. கவ்விகளுக்குப் பதில் சட்டத்தின் நீளத்துக்கு ஒரு தண்டவாளம் போட்டு அதில் விளக்குகளின் மடக்குக் கைகள் இரண்டும் வழுக்கி ஓடும்படி செய்திருந்தால் நல்லது. அந்த வேலை இன்னும் பாக்கி. இடது விளக்கு இரண்டு வரிசை அலுமினியத்தின் கனத்தில் மாதம் ஒருமுறை தளர்ந்து இறங்குகிறது. அவர் ஆணியை முறுக்கிக்கொண்டு தைக்கிறார். வெள்ளை நூல் கண்டுகள் மட்டும் தனி டப்பாவில், மூடிமேல் ‘பகலில் பார்க்க’ என்று எழுதி, ஜன்னலுக்குக் கீழே இருக்கின்றன.